மாதிரிக்கும் ஒரு பாயிரம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நூலொன்றைக் கையில் எடுத்தவுடன் அதனை இயற்றியவர் யார், அது எதைப் பற்றியது, யாருக்காக எழுதப்பட்டது என்பவற்றை அறிய விரும்புகிறோம். அவ்விவரங்களைத் தருவது முகவுரை. தமிழ் மரபு அதனைப் பாயிரம் என்னும். இன்று கதையும் கட்டுரையும் கடிதமும் எழுதித் தரும் மொழி மாதிரிகள் பெருகியுள்ளன. அவற்றுக்கும் முகவுரை வேண்டும் என்னும் சிந்தனை எவ்வாறு தோன்றியது? அம்முகவுரையில் இடம்பெற வேண்டியவை யாவை? சிறிய மொழி மாதிரி ஒன்றை முன்வைத்து இவற்றை ஆராய்கிறது இப்பாடம்.

அடுத்த சொல்லைக் கணிக்கும் பொறி

'மழை பெய்யும் முன் வானம்...' என்று ஒருவர் தொடங்கி நிறுத்தினால், கேட்பவர் மனத்தில் 'இருண்டது' என்னும் சொல் தானே எழும். இதுவரை வந்த சொற்களைக் கொண்டு இனி வரும் சொல்லைக் கணிப்பதே பனுவல் ஆக்கும் மொழி மாதிரியின் அடிப்படைப் பணி. கணித்த சொல்லைத் தொடரில் சேர்த்து, அதற்கடுத்த சொல்லைக் கணிக்கும். இவ்வாறு சொல்மேல் சொல்லாகப் பத்தியும் பக்கமும் உருவாகின்றன.

இக்கணிப்புத் திறன் எண்களாகச் சேமிக்கப்படுகிறது. அவ்வெண்களை அளவுருக்கள் என்பர். பயிற்சியின்போது மாதிரி தவறாகக் கணிக்குந்தோறும் அளவுருக்கள் சிறிது சிறிதாகத் திருத்தப்படுகின்றன. 2017ஆம் ஆண்டு ஆஷிஷ் வாஸ்வானி முதலிய கூகுள் ஆய்வாளர்கள் 'டிரான்ஸ்ஃபார்மர்' என்னும் கட்டமைப்பை அறிமுகப்படுத்தினர். இன்றைய மொழி மாதிரிகளுள் பெரும்பாலானவை அதன் வழிவந்தவையே.

2019ஆம் ஆண்டு ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ஜிபிடி-2 அவற்றுள் ஒன்று. அதன் பெரிய வடிவம் 150 கோடி அளவுருக்களைக் கொண்டது. சிறிய வடிவம் 12.4 கோடி அளவுருக்களைக் கொண்டது. தவறான நோக்கங்களுக்குப் பயன்படக்கூடும் என்னும் அச்சத்தால் அந்நிறுவனம் சிறிய வடிவத்தை முதலிலும் பெரிய வடிவத்தை இறுதியிலுமாகப் படிப்படியாக வெளியிட்டது.

வடித்தலும் நுண்சீராக்கமும்

பெரிய மாதிரியை இயக்கப் பெரிய கணினி வேண்டும். பள்ளி ஆய்வகத்துக் கணினியிலோ எளிய மடிக்கணினியிலோ இயங்க வேண்டுமாயின் மாதிரியின் எடை குறைய வேண்டும். அதற்கான வழிகளுள் ஒன்று அறிவு வடித்தல். ஜெஃப்ரி ஹின்டன், ஓரியல் வின்யால்ஸ், ஜெஃப் டீன் ஆகியோர் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையால் இம்முறை பரவலாயிற்று.

இம்முறையில் பெரிய மாதிரி ஆசிரியராகவும் சிறிய மாதிரி மாணவராகவும் அமைகின்றன. 'வானம்' என்பதற்கு அடுத்து 'இருண்டது' வருவதே சரி என்று மட்டும் ஆசிரியர் கற்பிப்பதில்லை. 'இருண்டது' வருவதற்கு வாய்ப்பு மிகுதி, 'வெளுத்தது' வருவதற்கும் ஓரளவு வாய்ப்புண்டு, 'சமைத்தது' வருவதற்கு வாய்ப்பே இல்லை என்று ஒவ்வொன்றன் நிகழ்தகவையும் காட்டுகிறது. ஒற்றை விடையைவிட இத்தகைய விளக்கத்தால் மாணவ மாதிரி மிகுதியாகக் கற்கிறது.

ஹக்கிங் ஃபேஸ் நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஜிபிடி-2இன் சிறிய வடிவத்தை ஆசிரியராகக் கொண்டு டிஸ்டில்ஜிபிடி-2 என்னும் மாதிரியை இவ்வாறு வடித்தெடுத்தது. ஆசிரிய மாதிரியில் 12 அடுக்குகள். மாணவ மாதிரியில் 6 அடுக்குகள். அளவுருக்கள் 12.4 கோடியிலிருந்து 8.2 கோடியாகக் குறைந்தன. ஓர் அளவுருவுக்கு 4 பைட்டு எனக் கொண்டால், மாதிரி முழுவதும் ஏறத்தாழ 33 கோடி பைட்டுகளுள் அடங்கிவிடும். ஒரு திரைப்படக் கோப்பைவிடச் சிறிய இம்மாதிரியை யார் வேண்டுமானாலும் தரவிறக்கிப் பயன்படுத்தலாம்.

பொதுவாகப் பயின்ற மாதிரியை ஒரு குறிப்பிட்ட துறைப் பனுவல்களைக் கொண்டு மேலும் சிறிது பயிற்றுவது நுண்சீராக்கம் எனப்படும். எல்லாப் பாடங்களையும் பயின்ற ஒருவர் பின்னர்ச் சட்டமோ மருத்துவமோ பயில்வதைப் போன்றது அது. டிஸ்டில்ஜிபிடி-2 சிறியதாகையால் தனிமனிதரும் அதனை நுண்சீராக்கலாம். ஆகவே அதன் வழித்தோன்றல்கள் பல்கிப் பெருகின. செய்பவர் பெருகியபோது, செய்ததைப் பற்றிச் சொல்ல வேண்டிய கடமையும் பெருகிற்று.

> தெரிந்து தெளிவோம்
>
> நுண்சீராக்கத்தின்போது எல்லா அளவுருக்களையும் திருத்த வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட 'லோரா' முறையில் மூல மாதிரியின் அளவுருக்கள் மாற்றப்படுவதில்லை. சிறிய அணிகள் சில கூடுதலாக இணைக்கப்பட்டு, அவை மட்டுமே பயிற்றப்படுகின்றன. அவ்வணிகளை மட்டும் சேமிக்கும் கோப்பு மிகச் சிறியது. ஆயினும் மூல மாதிரியின்றி அது தனித்து இயங்காது. எனவே அதனை வெளியிடுவோர் மூல மாதிரி எது என்று குறிப்பிடுவது இன்றியமையாதது.

மாதிரி அட்டையின் தோற்றம்

மின்னணு உறுப்பு ஒன்றை வாங்கினால் எவ்வளவு மின்னழுத்தம் தாங்கும், எந்த வெப்பநிலையில் இயங்கும் என்னும் விவரத்தாள் உடன் கிடைக்கும். கோடிக்கணக்கானோர் வாழ்வைத் தொடும் மாதிரிகளுக்கோ அத்தகைய விவரத்தாள் நெடுங்காலம் இல்லை.

அதனால் நேரும் தீங்கை 2018ஆம் ஆண்டு ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இருவரும் நிகழ்த்திய ஆய்வு வெளிப்படுத்தியது. முகத்தைப் பார்த்துப் பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்களை அவர்கள் ஆராய்ந்தனர். வெளிர்நிற ஆடவர் முகங்களில் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்கள் முகங்களிலோ அது 34.7 விழுக்காடுவரை சென்றது. எல்லார்க்கும் பொதுவான ஒரே சராசரி எண் இவ்வேறுபாட்டை மறைத்து நிற்கும் என்பதை உலகம் உணர்ந்தது.

இப்பின்னணியில் மார்கரெட் மிட்செல் முதலிய ஒன்பதின்மர் எழுதிய ஆய்வுரை 2019ஆம் ஆண்டுக் கருத்தரங்கில் வெளியாயிற்று. மாதிரி ஒவ்வொன்றும் ஒரு 'மாதிரி அட்டை'யுடன் வெளியிடப்பட வேண்டும் என்று அது வலியுறுத்தியது. மாதிரியின் அடிப்படை விவரங்கள், கருதிய பயன்பாடு, முடிவைப் பாதிக்கும் காரணிகள், அளவீடுகள், மதிப்பீட்டுத் தரவு, பயிற்சித் தரவு, குழுவாரியான பகுப்பாய்வு, அறநெறிக் கருத்துகள், எச்சரிக்கையும் பரிந்துரையும் என ஒன்பது பகுதிகளை அது வகுத்தளித்தது.

பாயிர இலக்கணமும் மாதிரி அட்டையும்

இவ்வொன்பது பகுதிகளைப் படிக்கும் தமிழ் மாணவர்க்கு நன்னூல் நினைவுக்கு வருவது இயல்பே. பவணந்தி முனிவர் சிறப்புப்பாயிரத்தில் இடம்பெற வேண்டியவை எட்டு என்பார். நூலின் பெயர், அதனை இயற்றியவர் பெயர், அது வந்த வழி, அது வழங்கும் எல்லை, அமைந்துள்ள யாப்பு, கூறும் பொருள், கேட்டற்குரியோர், கற்பதால் வரும் பயன் என்பன அவை. இயற்றப்பட்ட காலம், அரங்கேறிய களம், இயற்றியதன் காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துக் கூறுவாரும் உண்டு. எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது நன்னூலின் துணிபு.

இவற்றை டிஸ்டில்ஜிபிடி-2இன் மாதிரி அட்டையோடு பொருத்திப் பார்க்கலாம்.

வழி: ஜிபிடி-2இன் சிறிய வடிவத்திலிருந்து வடிக்கப்பட்டது என்று அட்டை கூறுகிறது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூலை மூவகைப்படுத்திய மரபை நோக்க, ஜிபிடி-2 முதல்நூல் போன்றது. டிஸ்டில்ஜிபிடி-2 வழிநூல் போன்றது. அதனை ஒருவர் நுண்சீராக்கிப் பெறுவது சார்புநூல் போன்றது. முதலில் உள்ள பிழை வழியிலும் சார்பிலும் தொடரும். எனவே மூலத்தை மறைக்கும் அட்டை, பிழையின் ஊற்றையும் மறைக்கிறது.

யாப்பு: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என யாப்பை நான்காகப் பகுப்பர். 12 அடுக்குகளை 6 அடுக்குகளாக்கிய இம்மாதிரி தொகுத்தலுக்கு ஒப்பானது.

நுதலிய பொருள்: மாதிரி எவற்றைப் படித்ததோ அவையே அதன் பொருள். ஜிபிடி-2, இணையத்திலிருந்து திரட்டிய ஏறத்தாழ 80 இலட்சம் ஆவணங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. அத்தரவுத் தொகுப்பு பொதுவெளியில் வெளியிடப்படவில்லை. ஆகவே அதனைப் பின்பற்றிப் பிறர் உருவாக்கிய ஓப்பன்வெப்டெக்ஸ்ட் என்னும் தொகுப்பைக் கொண்டு டிஸ்டில்ஜிபிடி-2 பயிற்றப்பட்டது.

எல்லை: ஜிபிடி-2இன் பயிற்சித் தரவிலிருந்து ஆங்கிலம் அல்லாத பக்கங்கள் நீக்கப்பட்டன. எனவே ஆங்கிலமே இம்மாதிரியின் எல்லை. 'தமிழ்' என்னும் சொல் கணினியின் யூனிகோடு முறையில் 5 குறிகளால் ஆனது. யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு வீதம் 15 பைட்டுகள் ஆகும். ஆங்கிலப் பனுவல்களைக் கொண்டு வகுத்த சொற்பகுப்பான் ஆங்கிலச் சொல்லை முழுதாகவோ ஓரிரு கூறுகளாகவோ கொள்ளும். தமிழ்ச் சொல்லைப் பொருளற்ற பல துண்டுகளாகச் சிதைத்துவிடும். எல்லையை அறியாமல் அதனைத் தமிழ் எழுதப் பணிப்பவர் ஏமாற்றமே அடைவர்.

கேட்போரும் பயனும்: எழுதுவோர்க்கு உதவுதல், சொல்முடித்துத் தருதல், புனைவு, பொழுதுபோக்கு ஆகியன உரிய பயன்பாடுகளாகச் சுட்டப்படுகின்றன. இத்தகைய மாதிரிகள் உண்மையையும் புனைவையும் வேறுபடுத்தி அறியா. ஆகவே எழுதுவது உண்மையாகவே இருக்க வேண்டிய இடங்களில் இவற்றைப் பயன்படுத்தலாகாது என்னும் எச்சரிக்கையும் உண்டு.

களம்: நூல் அவையில் அரங்கேறியது போல மாதிரியும் ஓர் அளவுகோல்முன் நிறுத்தப்படுகிறது. இம்மாதிரி விக்கிடெக்ஸ்ட்-103 என்னும் தொகுப்பின்முன் நிறுத்தப்பட்டது. அங்கு அளக்கப்பட்டது 'பெர்ப்ளெக்சிட்டி' என்னும் திகைப்பளவு. அடுத்த சொல் எது என்று மாதிரி எத்தனை சமவாய்ப்புள்ள சொற்களுக்கிடையே திகைக்கிறது என்பதை அது காட்டும். குறைந்தால் நன்று. ஜிபிடி-2இன் திகைப்பளவு 16.3, டிஸ்டில்ஜிபிடி-2இன் திகைப்பளவு 21.1.

குறை கூறும் துணிவு

மேற்கண்ட இரண்டு எண்களும் சிந்தனைக்குரியன. தாம் உருவாக்கிய மாதிரி மூலத்தினும் திறன் குறைந்தது என்பதை உருவாக்கியவர்களே எழுதி வைத்துள்ளனர். விரைவும் எளிமையும் பெற்றதற்கு ஈடாக எதனை இழந்தோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

அவ்வட்டை மேலும் சில செய்திகளைத் தருகிறது. வெள்ளையர் ஒருவர் செய்யும் தொழில், கறுப்பர் ஒருவர் செய்யும் தொழில் எனத் தொடங்கும் தொடர்களை மாதிரியிடம் தந்து, அது நிறைவு செய்த விதத்தில் வெளிப்பட்ட இனப் பாகுபாட்டை எடுத்துக்காட்டுகிறது. 8 வரைவியல் செயலிகள் 168 மணிநேரம் இயங்கியதால் வெளிப்பட்ட கரியமில வாயுவின் அளவு 149.2 கிலோகிராம் என மதிப்பிடுகிறது. அக்கணினிகள் இருந்த இடம் பற்றிய விவரம் கிடைக்காமையால் கிழக்கு அமெரிக்கா எனக் கொண்டு கணக்கிட்டதாகவும் தெரிவிக்கிறது. அறிந்ததை அறிந்ததாகவும் கொண்டதைக் கொண்டதாகவும் பிரித்துக் கூறுவது ஆவணத்தின் நேர்மை.

ஆயினும் இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதுவதில்லை. அவருடைய ஆசிரியரோ, உடன்கற்றவரோ, மாணாக்கரோ, உரையாசிரியரோ எழுதுவதே மரபு. தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பது அதன் அடிப்படை. மாதிரி அட்டையைப் பெரும்பாலும் மாதிரியை உருவாக்கியவரே எழுதுகின்றனர். ஆகவே அது விளம்பரமாக மாறும் இடர் எப்போதும் உண்டு. இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. ஜிபிடி-2க்கு ஓப்பன்ஏஐ எழுதிய அட்டையை நிறைவு செய்யும் வகையில், பாகுபாட்டுக்கான எடுத்துக்காட்டுகளைச் சேர்த்து மற்றோர் அட்டையை ஹக்கிங் ஃபேஸ் குழுவினர் எழுதினர். நூலுக்கு உரையாசிரியர் பாயிரம் தந்ததற்கு அது நிகராகும்.

நிரப்பப்படாத இடங்கள்

ஹக்கிங் ஃபேஸ் நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு ஒருவர் மாதிரியை நுண்சீராக்கினால், பயிற்சி முடிந்ததும் மாதிரி அட்டையின் வரைவொன்றை மென்பொருளே எழுதித் தரும். கற்றல் வீதம், தொகுதி அளவு, பயிற்சிச் சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் நேர்ந்த இழப்பளவு, மென்பொருள்களின் பதிப்பெண்கள் ஆகிய அனைத்தும் பிழையின்றி நிரம்பியிருக்கும். மாதிரியின் விளக்கம், கருதிய பயன்பாடும் வரம்பும், பயிற்சித் தரவு ஆகிய மூன்று தலைப்புகளின் கீழ் மட்டும் 'மேலும் விவரம் தேவை' என்னும் தொடர் நிற்கும்.

இயந்திரம் எண்களை அறியும், நோக்கத்தை அறியாது. எவ்வளவு விரைவாகக் கற்பித்தோம் என்பதை அது பதிவு செய்யும். ஏன் கற்பித்தோம், யாருடைய எழுத்தைக் கொண்டு கற்பித்தோம், எங்கே பயன்படுத்தலாகாது என்பவற்றை மனிதரே எழுத வேண்டும். அவ்வாறு எழுதாமல் அத்தொடரை அப்படியே விட்டு வெளியிடப்பட்ட அட்டைகள் பல.

அதனால் என்ன நேரும்? கல்லூரி மாணவர் ஒருவர் டிஸ்டில்ஜிபிடி-2ஐ ஆங்கிலச் சமையற்குறிப்புகளைக் கொண்டு நுண்சீராக்கி, பிறர்க்கும் உதவட்டும் என வெளியிடுகிறார் எனக் கொள்வோம். விளையாட்டாகச் செய்த முயற்சி அது. மூன்று தலைப்புகளையும் அவர் நிரப்பவில்லை. அம்மாதிரியைக் கண்ட மற்றொருவர், நீரிழிவு நோயாளிக்கு உணவு பரிந்துரைக்கும் செயலி ஒன்றில் அதனைப் பொருத்திவிடுகிறார். மாதிரி எழுதும் ஆங்கிலத்தில் தடுமாற்றம் இல்லை. ஆனால் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஒரு கிண்ணமாக மாறினாலும் தொடரின் ஓட்டம் குன்றாது. படிப்பவர் நடையின் தெளிவைக் கண்டு உள்ளடக்கத்தையும் நம்பிவிடுகிறார். 'பொழுதுபோக்குக்காகச் செய்யப்பட்டது, அளவுகளைச் சரிபார்க்கவில்லை, நோயாளிகளுக்கு ஏற்றதன்று' என்னும் மூன்று தொடர்கள் அட்டையில் இருந்திருப்பின் இத்தீங்கைத் தவிர்த்திருக்கலாம்.

எண்களையும் விளக்கமின்றி விடலாகாது. பயிற்சித் தரவில் இழப்பளவு தொடர்ந்து குறைந்து, மாதிரி முன்பு காணாத சோதனைத் தரவில் அது கூடிக்கொண்டே போனால், மாதிரி புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்துள்ளது என்பது பொருள். வினாத்தாளில் சிறு மாற்றம் வந்தாலும் திகைக்கும் மாணவர் நிலை அதற்கு நேரும். இரண்டு எண்களுள் நல்லதை மட்டும் காட்டுவது பாதி உண்மையாகும்.

ஆவணம் என்னும் அறம்

சிறிய மாதிரிதானே என்று ஆவணத்தைப் புறக்கணிப்பார் உண்டு. உண்மையில் சிறிய மாதிரிக்கே அது மிகுதியும் தேவை. பெரிய மாதிரியைப் பலர் ஆராய்ந்து குறைகளை வெளிப்படுத்துவர். தனிமனிதர் உருவாக்கிய சிறிய மாதிரியை ஆராய்வார் இலர். அதைப் பற்றி உலகுக்குத் தெரிவது அவர் எழுதிய அளவே. சில திங்கள் கழித்து அவருக்கே அது மறந்துபோகலாம்.

நூலுக்குப் பாயிரம் வகுத்த முன்னோர், கற்பவரை மனத்திற்கொண்டே அதனை வகுத்தனர். பயன் அறியாது கற்பவர் காலத்தை இழப்பர். எல்லை அறியாது மாதிரியைப் பயன்படுத்துபவரோ பிறர்க்கும் தீங்கு விளைவிக்கக்கூடும். ஆகவே 'மேலும் விவரம் தேவை' என்னும் தொடரைக் காணுந்தோறும், அவ்விவரத்தை அறிந்தவர் அதனை உருவாக்கியவர் ஒருவரே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அவ்விடத்தை நிரப்புதல் அவர்தம் கடமை. நிரப்பப்பட்டுள்ளதா என்று பார்த்துப் பயன்படுத்துதல் நம் கடமை.

கலைச்சொல் அறிவோம்

லாங்குவேஜ் மாடல் – மொழி மாதிரி
பாராமீட்டர் – அளவுரு
ஃபைன் டியூனிங் – நுண்சீராக்கம்
டிஸ்டிலேஷன் – வடித்தல்
மாடல் கார்டு – மாதிரி அட்டை
டோக்கனைசர் – சொற்பகுப்பான்

கற்பவை கற்றபின்

1. நீங்கள் படித்த நூல் ஒன்றின் முகவுரையை எடுத்துக்கொண்டு, பாயிரத்திற்குரிய பதினொரு செய்திகளுள் எவை அதில் உள்ளன, எவை இல்லை என்று அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் பள்ளி இதழில் வெளிவந்த கட்டுரைகளைக் கொண்டு ஒரு மொழி மாதிரியை நுண்சீராக்கியதாகக் கற்பனை செய்து, அதற்குரிய மாதிரி அட்டையை ஒரு பக்க அளவில் எழுதுக.

பலவுள் தெரிக

1. டிஸ்டில்ஜிபிடி-2இன் அளவுருக்களின் எண்ணிக்கை
அ) 6 கோடி ஆ) 8.2 கோடி இ) 12.4 கோடி ஈ) 150 கோடி

2. மாதிரி அட்டையில் மென்பொருள் தானே நிரப்பாமல் விடுவது
அ) கற்றல் வீதம் ஆ) தொகுதி அளவு இ) கருதிய பயன்பாடு ஈ) பதிப்பெண்கள்

குறுவினா

1. நுண்சீராக்கம் என்பது யாது?
2. திகைப்பளவு எதனைக் காட்டுகிறது?

சிறுவினா

1. அறிவு வடித்தலில் மாணவ மாதிரி கற்கும் முறையை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. சிறப்புப்பாயிரம் எழுதுவோர்க்கும் மாதிரி அட்டை எழுதுவோர்க்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக.

நெடுவினா

1. நன்னூல் கூறும் பாயிர இலக்கணத்தை மாதிரி அட்டையோடு ஒப்பிட்டு, சிறிய மொழி மாதிரிகளுக்கும் ஆவணம் இன்றியமையாதது என்பதை நிறுவுக.